பீரோவுக்கு இரண்டு சாண் தள்ளி

என் மனைவியை முதன்முதலாகப் பார்த்த அன்று அவள் என்னைப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தாள், அவ்வளவுதான்.

கோலார் பக்கத்துத் தங்கச் சுரங்க ஊர் எங்களுடையது. அங்கே ஆண்டர்சன்பேட்டையில் ஒரு கல்யாண ஊர்வலம். ஆறு பேர் தமட்டை அடித்துக்கொண்டு முன்னால் போக, மாப்பிள்ளையின் கார் பின்னால் ஊர்ந்து வந்தது. நான் வழக்கம்போல ஓரமாக, ஒரு கடையின் ஷட்டரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தேன். கூட்டத்துக்கு நடுவில் நிற்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. யாராவது காலை மிதித்துவிடுவார்கள், பட்டாசு மேலே விழும், பர்ஸ் போய்விடும் என்று ஏதாவது ஒன்று உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண் நேராக என்னிடம் வந்தாள். "இத்த கொஞ்சம் புடிங்க" என்று இரண்டு செருப்பையும் நீட்டினாள். நான் சரியாகப் பிடித்தேனா என்றுகூடப் பார்க்காமல் தமட்டைக்காரர்களுக்கு முன்னால் போய்விட்டாள்.

அரை மணி நேரம் அந்தச் செருப்போடு நின்றேன். கீழே வைத்தால் யாராவது போட்டுக்கொண்டு போய்விடுவார்களே என்று பயம். அந்தப் பயத்துக்கு நடுவில்தான் அவள் ஆடியதைப் பார்த்தேன். தமட்டைக்காரரின் கையை அவள் பார்க்கவில்லை, தோளைப் பார்த்தாள். அடி மாறப்போவது கைக்கு வருவதற்கு முன்னால் தோளுக்கு வந்துவிடும் என்று பிற்பாடு எனக்குச் சொன்னாள். தெருவின் இந்தக் கடையிலிருந்து எதிர்க் கடை வரை அவளுக்குப் போதவில்லை. கூட்டம் பின்னால் நகர்ந்து நகர்ந்து இடம் கொடுத்தது.

ஆடி முடித்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னும் இத்த வச்சிக்கினு இங்கயேவா நிக்கிறீங்க? கீழ வச்சிட்டுப் போறதுதானே?"

"காணாம போய்ட்டா?"

"போனா போவுது. பழசுதான்."

கல்யாணம் ஆகிப் பதினாலு வருஷம் ஓடிவிட்டது. இன்றைக்கும் அவள் எங்கே ஆடினாலும் செருப்பு என் கையில்தான். இப்போது கூடவே போன், ஹேர்கிளிப், கைப்பை எல்லாம் சேர்ந்துகொண்டன.

நான் ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவன். மைன்ஸ் மூடிய வருஷம் அது. அப்பா கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்கியவர். நான் பெங்களூரில் லிப்டு பழுது பார்க்கிறேன். "இன்னா மாப்ள, ரெண்டும் ஒரு பொட்டி, ஒரு கம்பி, ஒரு பள்ளம்தான். உங்க குடும்பம் பள்ளத்த வுட்டு வெளிய வரவே வராதா?" என்று மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், கேலி செய்வார். ஆனால் லிப்டு வேலையில் என்னைப் போல பயந்த ஆளுக்கு நல்ல பெயர் உண்டு. கதவு பூட்டியதா என்று மூன்று முறை பார்ப்பேன். பள்ளத்துக்குள் இறங்கும் முன் நான்கு முறை பார்ப்பேன். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி, எங்கே கை வைக்கலாம், எங்கே வைக்கக்கூடாது என்பதெல்லாம் எனக்குக் கண்ணாலேயே தெரியும். அந்தக் கண்ணை வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டேன். நான் எழுத வந்த தப்பே அதுதான்.

என் மனைவிக்கு எந்த ஆட்டமும் அந்நியமில்லை. எங்கள் ஊரிலேயே இன்னொரு சுரங்கப் பகுதியான பாலகாட்டில் அவளுடைய தாய்வீட்டுப் பக்கம் மாரியம்மன் திருவிழா என்றால் தமட்டைக்கு ஆடுவாள். டிசம்பர் வந்தால் எங்கள் வீட்டு வரிசையில் இருக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களோடு சேர்ந்து வீடு வீடாகப் பாட்டுப் பாடப் போய், அங்கே ஒரு ஆட்டம். மகளின் பள்ளிக்கூடத்தில் கன்னட ராஜ்யோத்சவ விழாவுக்குத் தாய்மார்களை ஆடச் சொன்னார்கள். முதல் வரிசை நடுவில் இவள். ரிசப்ஷனில் டி.ஜே. வைத்தால் பெங்களூர்ப் பிள்ளைகள் ஆடும் ஸ்டெப்பை இரண்டு தரம் பார்ப்பாள், மூன்றாம் தரம் அவர்களைவிட நன்றாக ஆடுவாள். மெடிக்கல் ஷாப்பில் வேலை. மாத்திரை எடுக்க ஸ்டூலில் ஏறி இறங்கும்போதுகூட ஒரு தாளம் இருக்கும்.

மகளைப் பரதநாட்டிய வகுப்பில் சேர்த்தோம். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு மாடி அறை. டீச்சருக்கு இருபத்தாறு வயது இருக்கும், வீட்டில் கன்னடம் பேசுகிறவர், எங்களோடு தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். மகள் ஐந்து மாதம் போனாள். ஆறாவது மாதம் டீச்சரே என் மனைவியிடம் சொன்னாராம்: "அக்கா, உங்க மகளுக்கு இஷ்டம் இல்ல. வாசல்ல உக்காந்துட்டு நீங்கதான் கால் தட்டுறீங்க. உள்ளே வந்துடுங்க."

"போம்மா, நீயே ஆடு. எனக்குக் கால் வலிக்குது" என்று மகள் பெருந்தன்மையோடு இடத்தை விட்டுக் கொடுத்தாள்.

அப்படித்தான் முப்பத்திரண்டு வயதில், எட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பின்னால், கடைசி வரிசையில் போய் நின்றாள். டீச்சர் அவளை அக்கா என்பார். அவள் டீச்சரை "வாங்க டீச்சர், போங்க டீச்சர்" என்பாள். நான்காம் வருஷம் டீச்சர், அரசு நடத்தும் ஜூனியர் தேர்வுக்கு அவள் பெயரையும் எழுதினார். அந்தச் செய்தியை அவள் என்னிடம் சொன்ன விதம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. தோசை ஊற்றிக்கொண்டே, கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கல்யாணத்துல எல்லாரும் 'நல்லா ஆடறா'ன்னு சொல்றாங்க. இன்னா ஆடறான்னு யாரும் சொல்றதில்லய்யா. பி.யூ.சி.யும் பாதில நின்னுச்சு, டைப்பிங்கும் பாதில நின்னுச்சு. ஒண்ணு, ஒரே ஒண்ணு, பேரு சொல்லி ஆடணும். பாஸ் பண்ணிட்டேன்னு ஒரு காயிதம் வேணும்."

வெளியாட்கள் முன்னால் என்னை வாங்க, போங்க என்பாள். அடுப்படியில் வாயா, போயாதான். அன்றைக்கு அந்த 'யா'வில் ஒரு நடுக்கம் இருந்தது. நான் பயந்துவிட்டேன். அவளுக்கு எதுவும் கிடைக்காமல் போய்விடக்கூடாது என்று வந்த பயம்.

அன்றிலிருந்து தேர்வை நானே கையில் எடுத்துக்கொண்டேன். டீச்சர் சொன்னது, "பரீட்சை வரைக்கும் ஸ்வல்ப ஜாக்கிரதை அக்கா. குத்து ஆடுற மாதிரி இடுப்பு இங்கே வரக்கூடாது" என்பது மட்டும்தான். நான் அதைச் சட்டமாக்கினேன். தமட்டை வேண்டாம். ரிசப்ஷன் வேண்டாம். டிசம்பரில் பாட்டுக்குப் போகலாம், ஆனால் ஆடக்கூடாது. கணுக்கால் பிசகினால் என்ன ஆகும்? சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் காலையில் பழகுகிறேன் என்றாள். தூசி பறக்கும், கிரிக்கெட் பந்து படும், யாராவது போனில் படம் பிடிப்பார்கள் என்று அதையும் தடுத்தேன். பழகுவது வீட்டுக்குள்ளேயே என்று முடிவானது.

மைசூர் மைன்ஸ் என்கிற சுரங்கப் பகுதியில் எங்களுடையது கம்பெனி கட்டிய லைன் வீடு. ஒரே வரிசையில் பத்து வீடுகள், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரே சுவர். முன்னறை பத்தடிக்குப் பத்தடி. இடது பக்கம் பீரோ, அதன் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் கட்டில். முதல் வாரமே பீரோக் கைப்பிடியில் இடித்து அவளுக்கு முழங்கை கன்றிப்போயிற்று. நான் ஒரு சின்ன டப்பா மஞ்சள் பெயிண்ட் வாங்கி வந்து, லிப்டு பள்ளத்தில் கோடு போடுவது போலவே, பீரோவுக்கு இரண்டு சாண் தள்ளி, கட்டிலுக்கு ஒரு சாண் தள்ளித் தரையில் கோடு போட்டேன். "இந்தக் கோட்டுக்குள்ள ஆடு, ஒண்ணும் ஆகாது" என்றேன். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

"நைனா அம்மாவ லிப்டுக்குள்ள போட்டு பூட்டிட்டாரு" என்றாள் மகள்.

அந்த வருஷம் முழுக்க அவள் கோட்டைத் தாண்டவில்லை. எழுத்துத் தேர்வுக்கு நான் உதவினேன். புத்தகம் கன்னடத்தில் இருந்தது. முத்திரையின் பெயரை எழுத்துக் கூட்டி நான் கேட்க வேண்டும், அவள் கையால் காட்ட வேண்டும். பதாகம், திரிபதாகம், அர்த்தபதாகம், கர்த்தரீமுகம், மயூரம். காலை ரயிலில் பெங்களூர் போகும்போது எனக்கே அது மனப்பாடம் ஆகி, வாய்க்குள் ஓடிக்கொண்டிருக்கும். எதிரில் உட்காரும் பெரியவர் ஒருவர் நான் ஏதோ ஜபம் செய்வதாக நினைத்து, அந்த நேரத்தில் செய்தித்தாளைச் சத்தமில்லாமல் திருப்புவார்.

திருவிழா வந்தது. பாலகாட்டுக்குப் போனோம். தமட்டை ஆரம்பித்ததும் அவளுடைய சித்தி மகள்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். இவள் என் பக்கத்தில் நின்றாள். செருப்பு அவள் காலிலேயே இருந்தது. வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, தமட்டைக்காரரின் தோளைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இன்னாடி, காய்ச்சலா?" என்று அவள் அண்ணன் கேட்டார்.

"இல்லண்ணா, எனக்குப் பரீட்சை."

"பரீட்ச அடுத்த வருஷம்தானே? அதுக்குள்ள காலு மறந்துடுமா?"

"ஒண்ணுல முழுசா எறங்கணும்ணா. நம்ம அப்பா சொல்வாரே, பத்து எடத்துல நோண்டினா மண்ணுதான் வரும், ஒரே ஷாஃப்ட்டா எறக்கினாதான் தங்கம்னு."

அவர் வாயில் இருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "ஒரே ஷாஃப்ட்ட ரெண்டு மைலு எறக்கினாங்க. இன்னா ஆச்சு? மூடிட்டுப் போய்ட்டாங்க. நீ வாடி, ஆடு."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் ஆடவில்லை. நான் காலி கையோடு நின்றேன். அந்தக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது டீச்சர் ஒரு கல்யாண மண்டபத்தின் மேடையைக் காலை இரண்டு மணி நேரத்துக்குக் கேட்டு வாங்கி, எல்லாரையும் ஒரு தரம் ஆடவைத்துப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை, நானும் போயிருந்தேன். பெரிய மேடை. சின்னப் பிள்ளைகள் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு முயல் மாதிரி பாய்ந்தன. பிறகு இவள் ஏறினாள்.

அவ்வளவு பெரிய மேடையில் அவள் பத்தடிக்குள் ஆடினாள். டீச்சர் தாளம் போடும் தட்டுக்கழியை நிறுத்தினார்.

"அக்கா, ஸ்டேஜ் முழுக்க உங்களுக்குத்தான். நகருங்க."

மறுபடி ஆடினாள். சறுக்கல் அடவு என்று ஒன்று உண்டு, பக்கவாட்டில் சறுக்கிப் போக வேண்டும். வலது பக்கம் ஒழுங்காகப் போனாள். இடது பக்கம் பாதியில் நின்று, தோளை உள்ளே ஒடுக்கிக்கொண்டாள். மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், அதே இடத்தில், அதே மாதிரி.

"ஸ்டேஜ் பயம் அக்கா உங்களுக்கு" என்றார் டீச்சர். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது இன்னும் மோசமாக இருந்தது. "இப்படி ஆடினா பாஸ் கஷ்டம். வேணும்னா அடுத்த வருஷம் பார்க்கலாமா?"

என் மனைவி தலையை ஆட்டிக்கொண்டே சலங்கையை அவிழ்க்கக் குனிந்தாள். ஆயிரம் பேர் நடுத்தெருவில் பார்க்க ஆடியவளுக்கு மேடை பயமா? முடிச்சு அவிழவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த இடைவெளி எனக்குத் தெரியும். மேடையில் நான் எதையும் அளக்க வேண்டியிருக்கவில்லை. அது இரண்டு சாண்.

"டீச்சர்," என்றேன். "அது பயம் இல்ல டீச்சர். அங்க எங்க ஊட்டு பீரோ கீது."

டீச்சருக்குப் புரியவில்லை. என் மனைவி மெல்ல நிமிர்ந்து மேடையின் இடது பக்கத்தைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. வாடகை நாற்காலிகள் தூரத்தில் அடுக்கி இருந்தன. "அய்யோ, ஆமாயா" என்றாள், டீச்சர் முன்னால் என்பதையும் மறந்து. பிறகு இரண்டு பேருமாக டீச்சருக்கு லைன் வீட்டையும் பீரோவையும் மஞ்சள் கோட்டையும் நான் போட்ட தடைகளையும் விளக்கினோம். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

"அண்ணா, நான் எப்ப ரோட்ல ஆட வேணாம்னு சொன்னேன்?"

"ஜாக்கிரதைன்னு சொன்னீங்களே டீச்சர்."

"கிளாஸ்ல அதுவும் இதுவும் கலக்கக்கூடாதுன்னு சொன்னேன். உங்க வைஃப் ஆடவே கூடாதுன்னா?" அவர் என் மனைவியின் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். "அக்கா, எனக்கு அஞ்சு வயசுல இருந்து இது ஒண்ணுதான். வேற எதுவும் வேணும்னு தோணினதே இல்ல, நிஜமா. ஆனா உங்க ஊர்வலத்துல எல்லாம் என்னை ஆடுன்னா கை கால் ஓடாது. தமட்டை எப்ப மாறும்னு எனக்குத் தெரியாதே. ஒரு வாட்டி எனக்குச் சொல்லிக் கொடுங்க." பிறகு எழுந்து, "ஒரு மாசம் இருக்கு. முதல்ல பீரோவை எடுங்க" என்றார்.

அன்று மத்தியானமே மச்சானை வரவழைத்து, பீரோவை வெளியே தூக்கினோம். முன்பக்கச் சுவர் ஓரமாக வைத்து, மேலே ஒரு தகரமும் தார்ப்பாயும் கட்டினேன். கட்டிலும் வெளியே போயிற்று. தரையில் இருந்த மஞ்சள் கோட்டைத் தின்னரும் பிளேடும் வைத்து நானே சுரண்டினேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டி, டிசம்பர்ப் பாட்டுக்கு எப்போதும் முன்னால் நடப்பவர், பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"இன்னாப்பா, ஊட்ட காலி பண்றீங்களா? நோட்டீஸ் ஏதாச்சும் வந்துதா? எங்களுக்கும் வருமா?"

"இல்ல ஆன்ட்டி, டான்ஸுக்கு."

"டான்ஸுக்கா?"

"பீரோ இடிக்குது ஆன்ட்டி."

ஆன்ட்டி பீரோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே வெறும் அறையில் இடுப்பில் கை வைத்து நிற்கிற என் மனைவியைப் பார்த்தார். "அதுக்கு நம்ம சர்ச் ஹாலைக் கேட்டிருக்கலாமே. இதுக்குத்தான் போன டிசம்பர் நீ ஆடலியா? நான் உனக்கு ஏதோ கோவம்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு என் மனைவி அவரைக் கட்டிக்கொண்டாள்.

பீரோ போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. இடது பக்கம் வெறும் சுவர்தான், இருந்தும் அவள் கால் பழைய கோட்டில் வந்து நின்றது. காலையில் மைதானத்துக்கு அழைத்துப் போனேன். அங்கேயும் நின்றது. சாம்பல் நிற மேட்டுக்கு முன்னால், அத்தனை பெரிய வெளியில், அவள் ஒரு கண்ணுக்குத் தெரியாத பீரோவுக்கு மரியாதை கொடுத்துக்கொண்டிருந்தாள். "உடம்பு கேட்கலய்யா" என்று மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்கடுத்த ஞாயிறு பாலகாட்டில் இந்த வருஷத் திருவிழா. போகலாம் என்று நான்தான் சொன்னேன். அவள் மறுத்தாள். "மூணு வாரம்தான் கீது. இப்ப போய் ஆடி, இடுப்பு கோணிக்கினா?" என் பயத்தை அவள் பிடித்துக்கொண்டுவிட்டாள், ஜலதோஷம் மாதிரி. என் பயத்தை இன்னொருத்தர் வாயில் கேட்பது எனக்கு அதுதான் முதல் தடவை. கேட்க நன்றாக இல்லை.

"ஆட வேணாம். சும்மா பாத்துட்டு வரலாம்" என்று அழைத்துப் போனேன்.

தமட்டை ஆரம்பித்தது. பழையபடி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் பொறுத்து நான் அவள் காலடியில் குனிந்தேன்.

"இன்னாயா பண்றே? எல்லாரும் பாக்கிறாங்க."

"காலைத் தூக்கு."

செருப்பை நானே கழற்றி எடுத்துக்கொண்டேன். மச்சான் விசில் அடித்தார். "பாருங்கடா, மாப்ள கோடு தாண்டிட்டாரு!" என்று கத்தினார். அவள் முகம் சிவந்து, என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, உள்ளே இறங்கினாள்.

முதலில் அங்கேயும் சின்னதாகத்தான் ஆடினாள். தெரு நடுவில் பத்தடி. பிறகு தமட்டைக்காரர், இவளைச் சின்ன வயதிலிருந்து அறிந்தவர், வேண்டுமென்றே அவளை விட்டு விலகி இடது பக்கமாகவே அடித்துக்கொண்டு போனார். அவருடைய தோளை விடாமல் பார்க்க வேண்டுமென்றால் இவளும் இடது பக்கம் போயே ஆக வேண்டும். போனாள். கூட்டம் நகர்ந்தது. இன்னும் போனாள். எதிர்வீட்டுச் சுவர் வரைக்கும் போய், அதை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பினாள். என் கையில் இருந்த செருப்பை நான் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்பது அப்புறம்தான் தெரிந்தது. உள்ளங்கையில் வாரின் தழும்பு.

அதனால் எல்லாம் தீர்ந்தது என்று சொன்னால் பொய். மறுநாளும் மைதானத்தில் கால் ஒரு முறை நின்றது. ஆனால் இப்போது அவளுக்கு ஒரு வழி கிடைத்திருந்தது. சறுக்கல் அடவு வரும்போது இடது பக்கம் அந்தத் தமட்டைக்காரர் போவதாக நினைத்துக்கொள்வாள். கால் அவர் பின்னாலேயே போகும். "டீச்சர் கிட்ட சொல்லாதே" என்றாள். டீச்சரிடம் அவளே சொல்லியும் விட்டாள். டீச்சர், "யார் பின்னாடி வேணா போங்க அக்கா, முட்டி மடக்கின அரைமண்டி மட்டும் நிமிராம போங்க" என்றாராம்.

தேர்வு கோலாரில் ஒரு பள்ளிக்கூடத்தில். காலை பஸ்ஸில் போனோம். வாசலில் பட்டுப் புடவையில் தைத்த உடையும் தலை நிறைய பூவுமாகப் பத்து வயது, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். ஹால் டிக்கெட் பார்த்தவர் என் மனைவியிடம், "பேரண்ட்ஸ் எல்லாம் அந்தப் பக்கம்மா" என்றார். அவள் ஹால் டிக்கெட்டை நீட்டினாள். அவர் படத்தையும் முகத்தையும் இரண்டு தரம் பார்த்துவிட்டு, எழுந்து நின்று கொடுத்தார்.

என் மகளுக்கு அன்று பெரிய வேலை. அம்மாவுக்கு மை தீட்டினாள், கன்னத்தைப் பிடித்து, "ஆடாம இரு, ஆடினா கோணல் ஆயிடும்" என்று அதட்டினாள். "பயமா கீதாம்மா? நானும் வெளியிலதான் இருப்பேன்" என்றாள். ஒரு காலத்தில் வகுப்பு வாசலில் உட்கார்ந்து இவளுக்காகக் காத்திருந்த தாய்க்கு இது நடந்தது.

உள்ளே எங்களை விடவில்லை. தாழ்வாரத்து ஜன்னலில் ஒரு கதவு சரியாக மூடவில்லை. நானும் மகளும் அந்த இடுக்கில் ஒருவர் தலைக்கு மேல் ஒருவராக எட்டிப் பார்த்தோம். பரீட்சை நடத்தியவர்கள் இரண்டு அம்மாள்கள். டீச்சர் கீழே உட்கார்ந்து தட்டுக்கழியோடு. முதல் உருப்படியான அலாரிப்பு நன்றாகப் போயிற்று. பிறகு ஒவ்வொரு அடவாகக் கேட்டார்கள். சறுக்கல் வந்தது. முதல் காலம், இடது பக்கம் போனாள். இரண்டாம் காலம், போனாள். மூன்றாம் காலம், அறையின் ஓரத்துக் கரும்பலகை வரைக்கும் போய்த் திரும்பினாள்.

"போய்ட்டாங்க நைனா!" என்று மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

நான் சிரிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் வேறொன்று கண்ணில் பட்டது. வலது கை தலைக்கு மேலே போகும் இடங்களில் எல்லாம் அவள் முழங்கை மடங்கியது. கொஞ்சம்தான். ஒவ்வொரு தரமும். "முழங்கை அக்கா, முழங்கை" என்று டீச்சர் வருஷம் முழுக்க வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தார். பழக்கதோஷம் என்று எல்லாரும் நினைத்திருந்தோம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் அந்த உயரத்தைப் பார்த்தேன். தரையிலிருந்து ஆறடி. எனக்கு அது நன்றாகத் தெரிந்த உயரம். முன்னறையின் வலது சுவரில், பெட்டிகள் வைக்க நானே ஸ்க்ரூ போட்டு இறுக்கிய பரண். பீரோவைத் தூக்கினேன், கட்டிலைத் தூக்கினேன், கோட்டைச் சுரண்டினேன். தலைக்கு மேலே பார்க்கவே இல்லை. பள்ளத்தையே பார்த்துப் பழகியவன்.

வெளியே வந்தவளிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அவளே சொன்னாள்: "அந்தம்மா கன்னடத்துல கேட்டாங்கயா, கையி ஏன் மடியுது, அடிகிடி பட்டுதான்னு. யோசிச்சேன். அப்பறம்தான் தோணுச்சு. எங்க வீட்ல அங்க பரண் இருக்குதும்மான்னு சொல்லிட்டேன்."

"அப்படியேவா சொன்ன?"

"பின்ன? ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கினாங்க. அப்பறம் அதுல ஒரு அம்மா, 'எங்க வீட்டுல ஃபேன்'னாங்க."

முடிவு வர ஒன்றரை மாதம் ஆயிற்று. அந்த நாற்பத்தைந்து நாளும் நான் தூங்கியது எப்படி என்று கேட்காதீர்கள். முழங்கைக்கு எத்தனை மார்க் போகும் என்று ரயிலில் எனக்குள்ளேயே கணக்குப் போட்டுக்கொண்டு போவேன். அவள் நிம்மதியாக இருந்தாள். இடையில் ஒரு ரிசப்ஷன், இரண்டு பிறந்தநாள், ஒரு சர்ச் விழா. எல்லாவற்றிலும் ஆடினாள். காலையில் வெறும் அறையில் பரதநாட்டியம். பீரோவை உள்ளே கொண்டு வரலாமா என்று நான் கேட்டபோதெல்லாம், "இருக்கட்டும் இருக்கட்டும்" என்றாள். அதன் மேல் ஆன்ட்டியின் பூனை படுக்க ஆரம்பித்துவிட்டது.

பெங்களூரில் ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தின் மொட்டைமாடியில், லிப்டு மோட்டார் அறைக்குள் இருந்தபோது போன் வந்தது. கையெல்லாம் கிரீஸ். முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினேன்.

"பாஸ்" என்றாள்.

மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும்.

"இன்னாயா, கீறியா? செகண்ட் கிளாஸ். டீச்சர் இப்பதான் சொன்னாங்க. பேரு சொல்லி, பரதநாட்டியம், ஜூனியர், பாஸ்."

"செகண்ட் கிளாஸா? அந்தப் பரணாலதான். அது மட்டும் இல்லன்னா..."

"ஆரம்பிச்சிட்டியா. ஏய், நான் பாஸ்யா." அழுதுகொண்டே சிரிக்கிறாள் என்று தெரிந்தது. பின்னால் மெடிக்கல் ஷாப்பில் யாரோ இருமல் மருந்து கேட்டார்கள். அவரிடமும் "நான் பாஸ்ங்க" என்றாள். பிறகு என்னிடம்: "சீனியருக்குப் பேரு குடுத்துட்டேன். டிசம்பர்ல ஆன்ட்டி கூடவும் போவேன், இப்பவே சொல்லிட்டேன். சாயங்காலம் வரும்போது ஸ்க்ரூ டிரைவர் கொண்டாந்துடு, பெருசு. பரணக் கழட்டணும்."

"அதுல கீற பெட்டியெல்லாம் எங்க வைக்கிறது?"

"வெளிய, பீரோ மேல வை."

"பூனை?"

"பெட்டி மேல படுத்துக்கும்."

"மழ வந்தா?"

"நீ மொதல்ல வாயா" என்று போனை வைத்துவிட்டாள்.